அனரி என்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கோ

கூட வேலை செய்கிற தம்பி கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படியென்றால் காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அது ஏன் ஞாபகத்துக்கு வருகிறது?

ஆகஸ்ட், செப்டெம்பர் என்றால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அமெரிக்காவில் கோர்ன் பாம்பு என்கிற, வீட்டில் வளர்க்கிற பாம்பின் குட்டிகள் முட்டையை விட்டு வெளியே வரும் காலம், விற்கிறவர்கள் படங்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே இருப்பார்கள். அதில் நிற வகை எழுதாமல் விட்டதையெல்லாம் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நாங்கள் குறிக்க வேண்டும். எங்களில் ஒருவரும் கோர்ன் பாம்பைக் கையால் தொட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் சாரையும் புடையனும்தான், அதுவும் தூர நின்று.

அமெல் என்கிற வகைக் குட்டி வந்தால் பிரச்சினையே இல்லை. கறுப்பு நிறமி கிடையாது, கண் சிவப்பு, மங்கலான படத்திலும் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு வந்தது சாம்பல் நிறக் குட்டி. டிஷ்யூவில் சுருண்டு கிடந்தது. முதுகில் கருஞ்சாம்பல் திட்டுகள், ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கறுப்பு விளிம்பு, சிவப்பு மருந்துக்கும் இல்லை. தாய் தகப்பன் விபரமும் இல்லை. தம்பி அதற்கு 'உறுதியில்லை' என்று போட்டிருந்தான். நான் அதை அழித்துவிட்டு 'அனரி', அதாவது சிவப்பு நிறமி இல்லாத வகை, என்று மாற்றினேன்.

அவன் கதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து கேட்டான்: "அக்கா, இது உங்களுக்குத் தெரியுமா, இல்லாட்டி நினைக்கிறீங்களா?"

"அநேகமா அனரியாத்தான் இருக்கும் தம்பி. போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கோ."

அவ்வளவுதான். சண்டை இல்லை, குரல் உயரவும் இல்லை. ஆனால் அவனுடைய கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது. அனரியும், சார்கோல் என்கிற இன்னொரு சாம்பல் வகையும் குட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே மாதிரி. அனரி வளர வளரத்தான் தாடையிலும் கழுத்தோரத்திலும் மஞ்சள் ஏறும், சார்கோலுக்குப் பெரும்பாலும் ஏறாது. பிறந்த கையோடு எடுத்த படத்தில் அந்த மஞ்சளைத் தேடிப் பிரயோசனம் இல்லை. போதாக்குறைக்கு போன் கமராவும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் சாம்பலே மண்ணிறமாகிவிடும், அப்போது இது மஞ்சள் கலந்த மண்ணிற வகையான கரமல் குட்டியோ என்ற சந்தேகமும் வரும். கறுப்பைக் குறைக்கிற ஹைப்போ அனரியோடு சேர்ந்த கோஸ்ட் வகையும் அந்த வயதில் கொஞ்சம் வெளிறிய அனரி மாதிரித்தான் நிற்கும். படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லாத விபரம் வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும்.

ஆனால் சார்கோலை விட அனரி மிகவும் பரவலானது. ஒன்றும் தெரியாத இடத்தில் பரவலானதைச் சொல்வது ஊகம்தான், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஊகம் இல்லை. 'உறுதியில்லை' கூடினால் மேலே இருந்து மெயில் வரும், அதற்குப் பதில் எழுதுவது நான், தம்பி இல்லை. இதையெல்லாம் அவனுக்கு அப்போதே விளக்கியிருக்கலாம். வரிசையில் அவ்வளவு படங்கள் காத்திருக்கும்போது யார் விளக்குவது?

என்னை அரிப்பது வேறு. சும்மா அழகுக்கு வளர்க்கிறவருக்கு அனரியா சார்கோலா என்பது ஒரு பொருட்டே இல்லை, இரண்டும் ஒரே இரையைத்தான் தின்னும். இனப்பெருக்கம் செய்ய வாங்குகிறவருக்கு அப்படி இல்லை. இரண்டும் ஒடுங்கிய இயல்புகள், தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் வந்தால்தான் வெளியே தெரியும், ஆனால் வெவ்வேறு மரபணு. நாங்கள் போட்ட பெயரை நம்பி ஒருவர் இதை உண்மையான அனரியோடு சோடி சேர்த்தால், குட்டிகள் முழுக்கச் சாம்பலாக வரும் என்று காத்திருப்பார். இது சார்கோலாக இருந்து, இதில் அனரியோ மற்றதில் சார்கோலோ மறைந்தும் இல்லையென்றால், வருவதெல்லாம் சாதாரணச் செம்மஞ்சள் குட்டிகள்தான். பாம்பு அந்த வயதுக்கு வளர இரண்டு மூன்று வருஷம் எடுக்கும். அவ்வளவு காலம் தீனி போட்டுக் காத்திருந்த மனுஷன் யாரைப் போய்க் கேட்பது? கழற்றிய சட்டையை அனுப்பி மரபணுச் சோதனை செய்கிற வசதி சில வகைகளுக்கு இப்போது இருக்கிறதுதான். அவர் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள்.

அந்தக் குட்டி என்ன ஆனது என்று எனக்குத் தெரிய வழியில்லை. அது அனரியாகவே இருந்திருக்கலாம். சரியாக இருந்தால் மட்டும் தம்பியின் கேள்விக்கு நான் பதில் சொன்னதாகிவிடுமா? ஆகாது என்றுதான் படுகிறது. ஆனால் அதே மாதிரிப் படம் நாளைக்கு வந்தாலும் அனரி என்றுதான் போடுவேன். எனக்கே இது பொருந்தி வரவில்லை.

இப்போது அவன் என்னை விட வேகம். போன கிழமை அவன் முடித்தவற்றைச் சரிபார்த்தபோது, அமெல் கலந்த வெளிறிய குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஸ்னோ என்றே போட்டிருந்தான், ஒன்றுக்கும் பிளிசார்ட் இல்லை. அமெலோடு அனரி சேர்ந்தால் ஸ்னோ, சார்கோல் சேர்ந்தால் பிளிசார்ட், அதிலும் அடியில் இருப்பது இதே அனரி சார்கோல் கேள்விதான். 'உறுதியில்லை' ஒன்றுகூட இல்லை. கூப்பிட்டு, "இது தெரிஞ்சு போட்டதா தம்பி?" என்று கேட்க வாய் வரை வந்தது. அதைக் கேட்க நான் ஆளா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுப்பவைசர் வந்து அவனுடைய வேகத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். நானும் எல்லாவற்றையும் சரி என்று அனுப்பிவிட்டேன்.