மரவள்ளிப் பாலில் இருக்கும் காசு

சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கம் போனால் சேகோ ஆலைக் களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்க்கலாம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டித் தெளியவிட்டால் அடியில் மாவு படியும். அந்த ஈர மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி. மிஞ்சும் திப்பிகூட மாட்டுத் தீவனமாகிவிடும், எதுவும் வீணில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது, அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

சரி, பாயசத்தோடு நின்றுவிட வேண்டுமா? இதே மாவுதான் நூலுக்குக் கஞ்சி, அட்டைப்பெட்டிக்குப் பசை. திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளி மாவு கலந்த மக்கும் பிளாஸ்டிக்கையே உருவாக்கியிருக்கிறது. ஆலையில் கிழங்குக்கு விலை போடுவது மாவுச்சத்துப் பாயிண்டை, அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்ற அளவைப் பார்த்துத்தான். அந்த மாவு பிளாஸ்டிக்காக மாறும்போது கூடுகிற விலையிலும் விவசாயிக்கு ஒரு பங்கு வர வேண்டும்.