தேங்காய் வெட்ட வந்தவர்

டொமினிக்கன் குடியரசின் கடற்கரை ஊரான சோசுவாவில் என்னை முதலில் வழிமறித்தவர் திருடர் அல்லர், எங்கள் வளாகத்தின் வாச்சிமான்தான். நாம் சொல்லும் வாட்ச்மேன்தான் டொமினிக்கன்காரர்களின் வாயில் இப்படி ஆகியிருக்கிறார். மடியில் துப்பாக்கியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ரப்பர் செருப்பும் மளிகைப் பையுமாக வந்த என்னிடம் அடையாள அட்டை கேட்டார். நான் ஆங்கிலத்தில் முனகியதும் எழுந்து கேட்டைத் திறந்து, "மன்னியுங்கள், சேன்யோரா" என்றார். என் கறுப்புத் தோலைப் பார்த்தால் இங்கே பக்கத்து நாட்டு ஹைத்திக்காரி. வாயைத் திறந்தால் வெளிநாட்டு விருந்தாளி.

இந்த ஊரின் பிறப்பே அப்படித்தான். 1937இல் ஆயிரக்கணக்கான ஹைத்தியர்களைக் கொன்று குவிக்க ஆணையிட்ட இந்நாட்டுச் சர்வாதிகாரி துருஹியோ, மறு ஆண்டே ஐரோப்பிய யூத அகதிகள் 1 லட்சம் பேர் வரை வரலாம் என்று கதவைத் திறந்தார். கெட்ட பெயரைக் கழுவ வேண்டும், நாட்டின் நிறத்தையும் வெளுக்க வேண்டும். 1940 முதல் இங்கே வந்து சேர்ந்தவர்கள் சில நூறு பேர்தான். கைவிடப்பட்ட வாழைத் தோட்டத்தில் மாடு வளர்த்து, பாற்கட்டி செய்து பிழைத்தார்கள். அவர்கள் இருந்த எல் பத்தேயில் இப்போது கனடாக்காரர்களும் ஜெர்மானியர்களும் இருக்கிறார்கள். கடற்கரையின் மறுமுனையில் லோஸ் சராமிக்கோஸ், உள்ளூர்க்காரர்களின் பேட்டை. "இருட்டினால் அந்தப் பக்கம் போகாதே" என்று எனக்குப் புத்தி சொன்னவர்களில் பலர் பகலிலும் போனதில்லை.

என் மடிக்கணினி எல் பத்தேயில், மாலை நான்கு மணிக்குப் போயிற்று. பால்கனிக் கதவைத் திறந்து வைத்தது நான்தான். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் நிமிராமலே கேட்டார்: "ஹைத்தியன் யாராவது வந்தானா?"

வந்திருந்தார், காலை பத்து மணிக்கு. வளாகத்தில் தேங்காய் வெட்டுபவர். எனக்கும் ஒன்று வெட்டித் தருவார். மூன்று வெட்டில் வாய் திறக்கும், நான்காவது வெட்டில் மட்டையிலிருந்து ஒரு சிறு கரண்டி. வந்தார் என்றேன். மணியைச் சொல்லவில்லை. காவலர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து தேங்காய் வெட்டுபவர் வரவில்லை. ஆவணமில்லாமல் குடியேறியவர்களில் வாரத்துக்கு 10,000 பேர் வரை நாடு கடத்தப்போவதாக அரசு 2024 அக்டோபரில் அறிவித்திருந்தது. பிடித்தவர்களை லாரியில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோவார்கள். வாச்சிமானிடம் விசாரித்தேன். தோளைக் குலுக்கினார்.

மடிக்கணினி கிடைக்கவில்லை. தேங்காய்கள் இப்போது தாமாகவே விழுகின்றன. நேற்று ஒன்று கனடாக்காரரின் கார் கண்ணாடியில். வெட்டுவதற்கு யாராவது மலிவாகக் கிடைப்பார்களா என்று வளாகத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார்.