தெஹ்ரானில் ஒரு நான்காம் மாடி

2025 ஜூன் 9, திங்கள்

பன்னிரண்டு நாடுகளின் மக்களுக்கு அமெரிக்கா கதவடைத்த ஆணை இன்று முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஈரானும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் அண்ணனின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தெஹ்ரானில் இருக்கும் தங்கையை வரவழைக்கலாம் என்று எங்கள் அயல் வீட்டு ஈரானியப் பெண்மணி கானும் இரண்டு ஆண்டுகளாகப் போட்டுவந்த கணக்கு இத்துடன் முடிந்தது. ஆணையில் சொல்லப்பட்ட காரணத்தை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஈரான் அரசு பயங்கரவாதத்துக்குத் துணைநிற்கிறது என்றும், திருப்பி அனுப்பப்படும் தன் குடிமக்களை ஏற்க மறுக்கிறது என்றும் எழுதியிருந்தது. "இதெல்லாம் அரசைப் பற்றி, அஸீஸம் (என் கண்ணே). என் தங்கையைப் பற்றி எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். கடைசி வரி வரைக்கும் தேடினேன். அவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கானும் பத்துக் கட்டு வெந்தயக் கீரை வாங்கிப் பல்கனியில் துணி விரித்துக் காயப்போட்டிருப்பதால், எங்கள் மாடி முழுவதும் என் அம்மாவின் குசினி வாசம் அடிக்கிறது.

ஜூன் 12, வியாழன், இரவு 11 மணி

எட்டு மணிக்குப் பிறகு கானும் செருப்பில்லாமல் வந்து கதவைத் தட்டினார். தெஹ்ரானில் இஸ்ரேலின் குண்டு விழுகிறது. அப்போது அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை. தங்கையுடன் ஒரு நிமிடம் கதைக்க முடிந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன என்றும் அம்மா விழித்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவர்கள் யூசெப் ஆபாத்தில் நான்காம் மாடியில் இருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்த பின் அம்மா கட்டிலை விட்டு எழுந்ததே இல்லை. மின்சாரம் போனால் மின்தூக்கி நின்றுவிடும்.

ஜூன் 13, வெள்ளி

கொல்லப்பட்டவர்கள் தளபதிகளும் அணுவிஞ்ஞானிகளும் என்று தொலைக்காட்சிகள் படம் போட்டுக் காட்டுகின்றன. அவர்களில் பலர் இருந்தது அடுக்குமாடிக் குடியிருப்புகளில். மேல் வீட்டில் படுத்திருந்தவர்களும் கீழ் வீட்டில் படுத்திருந்தவர்களும் எந்தப் படத்திலும் இல்லை.

மாலையில் இஸ்ரேல் பிரதமர் ஈரான் மக்களை நோக்கிப் பேசினார். எங்கள் சண்டை உங்களோடு அல்ல, உங்களை ஒடுக்கும் ஆட்சியோடுதான் என்றார். எழுந்து நில்லுங்கள் என்றார். முடிவில் "ஸன், ஸெந்தெகீ, ஆஸாதீ" என்று பாரசீகத்திலேயே சொன்னார். பெண், வாழ்வு, விடுதலை. கானும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு நெடுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். தலைத்துணி சரியில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா ஜீனா அமினி 2022 செப்டம்பர் 16 அன்று காவலில் இறந்த பிறகு, தலைத்துணியைக் கழற்றிய பெண்கள் தெருவில் அடியும் தோட்டாவும் வாங்கியபடி சொன்ன வார்த்தைகள் அவை. அந்த ஒக்டோபர் முதலாம் திகதி இங்கே கனடாவில், ரிச்மண்ட் ஹில்லில் ஐம்பதாயிரம் பேர் ஊர்வலம் போனபோது கானும் முழங்கால் வலியோடு யங் தெருவில் நடந்தார். தண்ணீர்ப் போத்தலை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அந்தச் சொற்களைச் சொல்வதற்கு அங்கே ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. விமானத்தை அனுப்புகிறவர் வாயில் அவற்றைக் கேட்டது கானுமுக்கு வீட்டுப் பொருள் களவு போனது போல இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கீழ்த்தளத்தில் கடிதம் எடுக்கப் போன இடத்தில் இரண்டாம் மாடிப் பெரியவரைச் சந்தித்தோம். நல்ல மனிதர்; குளிர்காலத்தில் எல்லோருடைய காரிலும் பனி வழித்துக் கொடுப்பார். கானுமின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர், அடுத்த மூச்சிலேயே, 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தவர்களைத் தாம் மறக்கவில்லை என்றும், கண்கட்டிய மனிதர்களைச் சுற்றி நின்று கொடி எரித்த கூட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்றும் சொன்னார். ஆறு அமெரிக்கர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றி அனுப்பியது கனடாத் தூதுவர்தான் என்பதில் அவருக்கு நியாயமான பெருமை உண்டு. பணயமாக ஐம்பத்திரண்டு பேர், 444 நாள். ஒவ்வொரு இரவும் செய்தியில் எத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொன்னதை அவர் இன்றும் ஒப்பிக்கிறார்.

கானும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, அது அவமானகரமான செயல் என்றுதான் சொன்னார். மேலே வந்த பிறகு என்னிடம் சொன்னார்: 1953 ஓகஸ்ட் 19 அன்று, மக்கள் தேர்ந்த நாடாளுமன்றத்தில் இருந்து வந்த பிரதமர் மொசாதெக்கை அமெரிக்காவும் பிரிட்டனும் கவிழ்த்த நாளிலிருந்து யாரும் நாள் எண்ணவில்லை. அதில் தன் பங்கை அமெரிக்க உளவுத்துறை ஆவண வடிவில் ஒப்புக்கொண்டதே 2013 இல்தான். 1988 ஜூலை 3 அன்று வளைகுடாவின் மேல் அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்டு வீழ்த்திய பயணிகள் விமானத்தில் இறந்த 290 பேரையும் யாரும் இரவு தோறும் எண்ணவில்லை. அதில் 66 குழந்தைகள்.

இதையும் எழுதிவைக்க வேண்டும். 2001 செப்டம்பரில் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்தபோது தெஹ்ரானின் மொஹ்சேனி சதுக்கத்தில் இளைஞர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். தங்கையும் போயிருந்தாராம். நான்கு மாதம் கழித்து அமெரிக்க அதிபர் புஷ் ஈரானைத் "தீமையின் அச்சு" என்ற பட்டியலில் சேர்த்தார். இரண்டாம் மாடிப் பெரியவர் பார்த்த தொலைக்காட்சியில் அந்த மெழுகுவர்த்திகள் ஒரு தடவையேனும் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

தெஹ்ரானில் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று அமெரிக்க அதிபர் எழுதியிருக்கிறார். அவர் அதை எழுதியபோது எங்கள் நாட்டில்தான், அல்பேர்ட்டா மலைகளுக்கிடையில் கானனாஸ்கிஸில் நடந்த ஜி7 மாநாட்டில் இருந்தார். தெஹ்ரானில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். எங்கே போவது என்று அவர் எழுதவில்லை. வடக்கே கஸ்பியன் கரைக்குப் போகும் சாலூஸ் வீதி அடைபட்டுக் கிடக்கிறது, பெற்றோலை அளந்துதான் கொடுக்கிறார்கள். அபாயச் சங்கு கிடையாது, பதுங்குகுழி கிடையாது. மெட்ரோ நிலையங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் போங்கள் என்று அரசு சொல்கிறது. அந்த அரசு நாற்பத்தாறு ஆண்டுகளாகப் போரைப் பற்றியே பேசியது. மக்களுக்கு ஒரு நிலவறை கட்டவில்லை.

தங்கை போகமாட்டார். நான்காம் மாடியிலிருந்து அம்மாவை நாற்காலியில் வைத்து இறக்க நான்கு ஆண்கள் வேண்டும். கீழ் வீட்டார் ரஷ்த் நகருக்குப் போய்விட்டார்கள். "போர்வையை இழுத்து மூடிவிட்டு பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, இங்கே மழை பெய்கிறதா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு வன்னி நினைவு வந்தது. 2009 இல் பாதுகாப்பு வலயத்துக்குப் போங்கள் என்று சொன்ன அறிவித்தலும், அந்தப் போருக்கு மனிதாபிமான நடவடிக்கை என்று அவர்கள் வைத்த பெயரும். அதைக் கானுமிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேலையிடத்தில் உடன் பணிபுரிகிறவர், "உங்கள் அயலவர் மகிழ்ச்சியாக இருப்பாரே, கடைசியில் அந்த ஆட்சி போகப்போகிறது" என்றார். அன்போடுதான் சொன்னார். ஈரானியர் எல்லோரும் கொடி எரிப்பவர்கள் என்று அவர் நினைக்கவில்லை. எல்லோரும் தம் கூரையில் குண்டு விழுவதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கேட்டதைவிட இது என்னை அதிகமாக வருத்துகிறது, ஏனென்றால் இதில் குண்டு போடுகிறவர்களுக்கு ஈரானியர் நன்றி சொல்லும் கடமையும் சேர்ந்துவிடுகிறது.

அந்த ஆட்சியைக் கானுமின் வீட்டார் விரும்பவில்லை என்பது உண்மை. தங்கை கடைசியாக வாக்களித்தது 2009 இல். வாக்கைத் திருடிவிட்டார்கள் என்று தெருவில் இறங்கியவர் பின்னர் வாக்குச்சாவடிக்குப் போகவே இல்லை. கடந்த ஆண்டு அதிபர் தேர்தலின் முதற் சுற்றில் அரசின் சொந்தக் கணக்கின்படியே நூற்றுக்கு நாற்பது பேர்தான் வாக்களித்தார்கள். "நம் எதிரி இங்கேதான் இருக்கிறான், அமெரிக்கா என்று பொய் சொல்கிறார்கள்" என்று தெருக்களில் முழங்கியவர்கள் அவர்கள். அதே மக்கள் இன்று இரு பக்கமும் பார்த்து நிறுத்து என்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற ஷிரின் எபாதி, நர்கெஸ் மொஹம்மதி, இயக்குநர்கள் பனாஹி, ரசூலொஃப் உட்பட ஏழு பேர் பிரெஞ்சு நாளிதழில் வெளியிட்ட அறிக்கையை இரவு வாசித்தேன். யுரேனியம் செறிவூட்டலை நிறுத்துங்கள், போரை நிறுத்துங்கள், பொதுமக்களைக் கொல்வதை நிறுத்துங்கள், ஆட்சியாளர்களே பதவி விலகுங்கள் என்று நான்கையும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்த ஆட்சியின் சிறையில் கிடந்தவர்கள். நான் இத்தனை நாளும் சொல்லத் தவித்ததை அவர்கள் சொல்லிவிட்டார்கள். நாளை அச்சிட்டு அவர் மேசையில் வைப்பேன்.

ஜூன் 18, புதன்

இணையம் துண்டிக்கப்பட்டுவிட்டது, துண்டித்தது ஈரான் அரசே. காலை அனுப்பிய செய்திக்கு ஒற்றைச் சரிக்குறிதான் நிற்கிறது.

அமெரிக்க செனட்டர் டெட் குரூஸிடம் ஈரானின் மக்கள்தொகை எவ்வளவு என்று பேட்டியில் கேட்டார்கள். தெரியாது என்றார். கேட்டவர் சொன்னார்: ஒன்பது கோடியே இருபது இலட்சம். அந்த ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும் என்று சொல்லிவருகிறவர் இந்த செனட்டர். கானும் அந்த எண்ணை ஒரு கடிதவுறையின் பின்புறம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். 92,000,000.

ஜூன் 19, வியாழன்

வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்துப் பார்ப்போம் என்று எண்ணை அழுத்தினோம். மூன்று முறை மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். கானும் "அலோ, அலோ" என்று தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். மறுமுனையில் பதிவுசெய்யப்பட்ட ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பேசியது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்கு அமைதி தரும் ஓர் இடத்தை மனத்தில் நினைத்துப் பாருங்கள் என்றது. கானுமுக்கு அந்த ஆங்கிலம் விளங்கவில்லை, "யார் இவள், என் தங்கையின் வீட்டில் என்ன செய்கிறாள்?" என்று என்னைக் கேட்டார். வேறு எண்ணை அழுத்தினோம், அதே குரல் வந்தது. ஏழாவது முறை நான் தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டேன். இதைச் செய்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குரல் இப்போதும் காதுக்குள் இருக்கிறது.

பிறகு தேநீர் போட்டுக் குடித்தோம். கானும் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு அதன் மேல் தேநீரை உறிஞ்சுவார். ஊரில் என் பாட்டி பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த அதே விதம்.

ஜூன் 20, வெள்ளி

ஒற்றைச் சரிக்குறி. 2009 இல் இதே நாளில்தான், வாக்கைத் திருடிவிட்டார்கள் என்று மக்கள் இறங்கிய போராட்டத்தில் நெதா ஆகா-சொல்தான் தெஹ்ரான் தெருவில் சுடப்பட்டு இறந்தார்.

ஜூன் 21, சனி, நள்ளிரவு

அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மேல் குண்டு போட்டுவிட்டது: ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான். கானும் உறங்கட்டும் என்று நான் சொல்லாமல் இருக்க, அவர் விளக்கு எரிவது கதவிடுக்கில் தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு

நாங்கள் ஈரானோடு போரில் இல்லை, ஈரானின் அணுத் திட்டத்தோடுதான் போரில் இருக்கிறோம் என்று அமெரிக்கத் துணை அதிபர் காலையில் சொன்னார். மாலைக்குள் அதிபர் ஆட்சி மாற்றம் ஏன் கூடாது என்று எழுதினார்.

ஜூன் 23, திங்கள்

தெஹ்ரானின் எவின் சிறையின் வாசலில் குண்டு. நண்பகல் வேளை. இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் சுதந்திரம் வாழ்க என்று ஸ்பானிய மொழியில் எழுதியிருக்கிறார். அந்த வாசலில் யார் நிற்பார்கள் என்று கானுமுக்குத் தெரியும், எண்பதுகளில் அவரே நின்றிருக்கிறார்: உடுப்புப் பொதியோடு தாய்மார், பிணைக் காகிதத்தோடு தகப்பன்மார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவியர். உள்ளே இருப்பவர்களில் பலரோ அந்த ஆட்சியை எதிர்த்ததற்காகவே உள்ளே இருக்கிறார்கள்.

கானும் இன்று சாப்பிடவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

போர்நிறுத்தம் என்கிறார்கள். ஒற்றைச் சரிக்குறி.

ஜூன் 26, வியாழன்

காலை 6.40. இரட்டைச் சரிக்குறி. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. தங்கை உயிரோடு இருக்கிறார், அம்மா உயிரோடு இருக்கிறார், பல்கனிக் கண்ணாடி இல்லை. மின்தூக்கி நான்கு நாள் ஓடவில்லை. ஜெரேனியச் சட்டிகளில் இரண்டு உடைந்துவிட்டன என்று அழுதார். பன்னிரண்டு நாளும் அழாதவர். இரண்டு சகோதரிகளும் "உன் மேல் என் உயிர்" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

உளவாளிகள் என்று மூன்று பேரை நேற்றுத் தூக்கிலிட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. அதைப் பற்றித் தொலைபேசியில் யாரும் கதைக்கவில்லை. தங்கையிடம் அவர் மகனைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது.

ஜூன் 29, ஞாயிறு

எவினில் இறந்தவர்கள் 71 பேர் என்று ஈரான் நீதித்துறை அறிவித்திருக்கிறது. கைதிகள், பார்க்க வந்த குடும்பத்தார், ஊழியர், கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்.

கட்டாயச் சேவை என்ற அந்தச் சொல்லில்தான், தங்கையின் மகன் கனடாவுக்கு வரக் கொடுத்த விண்ணப்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வயதான ஆண் எவரும், விலக்குப் பெற்றவர் தவிர, ஏறத்தாழ இரண்டு ஆண்டு சேவை செய்தாக வேண்டும். முடித்த அட்டையோ விலக்கோ இல்லாவிட்டால் கடவுச்சீட்டு கிடைப்பது கடினம். இராணுவமா, பொலிஸா, புரட்சிக் காவல் படையா என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். அவனைப் புரட்சிக் காவல் படைக்கு அனுப்பினார்கள். கெர்மான்ஷாவில் ஒரு முகாமின் குசினியில் இரண்டு ஆண்டு சோற்றுக் கிடாரம் கழுவினான். கனடா அந்தப் படையைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது 2024 ஜூன் 19 அன்று. அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பே அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். 2012 இல் தெஹ்ரானிலிருந்த கனடாத் தூதரகத்தை மூடிவிட்டதால், கைரேகை கொடுக்க அங்காராவுக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. உங்கள் உறுப்புரிமையின் தன்மையை விளக்குங்கள் என்று கேட்கிறது. உறுப்புரிமை என்ற அந்தச் சொல்லுக்குப் பாரசீகத்தில் என்ன சொல்வது என்று கானும் என்னைக் கேட்டார்.

அரசை வெறுத்தவன், அந்த அரசின் சீருடையைக் கட்டாயத்தின் பேரில் உடுத்தியவன், அந்த அரசு துண்டித்த இணையத்தில் எட்டு நாள் காணாமற் போனவன், இப்போது அந்த அரசின் ஆளா இல்லையா என்று அயல்நாட்டு மேசை ஒன்றுக்கு நிறுவிக்காட்ட வேண்டும். முப்பது நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதில் பதினேழு நாள் போய்விட்டது.

ஜூன் 30, திங்கள்

சேவை முடித்த அட்டையின் படம் வந்துவிட்டது. பின்பக்கம் தெளிவாக இல்லை, மறுபடியும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். புதன்கிழமை பத்து மணிக்கு யங் தெருவில் மொழிபெயர்ப்பாளரிடம் போக வேண்டும். இரண்டு பிரதி.