தேயிலை ஸ்டோரில் ஒரு ஸ்டார் ட்ரெக்: ரசிகர் படம் எடுத்து முடித்த கதை

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் சில பேர் சேர்ந்து, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் உலகத்தில் நடக்கிற மாதிரி ஒரு தமிழ்க் குறும்படம் எடுத்தோம். "கேஸ் போட மாட்டாங்களா?" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கெமரா, கிராஃபிக்ஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் உரிமையாளர்கள் போட்டிருக்கும் விதிகளை வாசியுங்கள், கதை என்ன என்பதே அங்கேதான் முடிவாகும்.

2015 கடைசியில் அக்ஸனார் என்ற ரசிகர் படத்தின் மீது ஸ்டார் ட்ரெக் உரிமையாளர்களான சிபிஎஸ்ஸும் பரமவுண்டும் வழக்குப் போட்டன. அதை எடுத்தவர்கள் ரசிகர்களிடம் பத்து லட்சம் டொலருக்கு மேல் திரட்டி, தொழில்முறை ஆட்களை வைத்து முழுநீளப் படமே எடுக்கப் போயிருந்தார்கள். வழக்கு நடக்கும்போதே 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கான விதிகள் வந்தன, 2017 ஜனவரியில் வழக்கு சமரசமானது. ஒரு கதை 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், இரண்டு பகுதியாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம், அதற்குப் பிறகு தொடர்ச்சி கிடையாது. யாருக்கும் சம்பளம் இல்லை, படத்தால் வருமானமும் வரக்கூடாது, நன்கொடை 50,000 டொலரைத் தாண்டக்கூடாது (அந்தக் கவலை நமக்கு எதற்கு). இது அனுமதிப் பத்திரம் இல்லை, இதற்குள் நின்றால் ஆட்சேபிக்க மாட்டோம் என்ற அளவுதான்.

எங்கள் பையன்கள் வெப் சீரிஸ் எடுக்கலாம் என்றுதான் குதித்துக்கொண்டிருந்தார்கள். 15 நிமிடம் என்றதும் முகம் சுருங்கிப் போனது. எனக்கென்னவோ நம்மைப் போன்றவர்களுக்கு அந்த விதி நல்லது என்றுதான் படுகிறது, ஏனென்றால் முதல் எபிசோட்டோடு நின்றுபோன சீரிஸ்கள்தான் இங்கே ஏராளம்.

உண்மையில் இடித்தது உடுப்பு. கடையில் கிடைக்கிற ஸ்டார் ட்ரெக் சீருடை, பொம்மை, கருவி எதையாவது படத்தில் காட்டினால் அது அசலாக இருக்க வேண்டும், போலி கூடாது. அசலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நடிகர்கள் அத்தனை பேருக்கும் போட்டுவிட நம்மால் ஆகுமா? அதனால் சீருடைக்காரர்களே இல்லாத கதையாக யோசித்தோம். தூரத்துக் கிரகம் ஒன்றில் இலை பறிக்கக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிறார்கள், கூட்டமைப்பிலிருந்து (ஸ்டார் ட்ரெக்கில் பல கிரகங்கள் சேர்ந்த அரசு) பதிவேட்டோடு ஒரு எழுத்தர் வருகிறார், அந்தப் பதிவேட்டில் இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகிப் போன இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடித்தவர்களே வசனத்தைத் திருத்தித் தந்தார்கள்.

இன்னொரு விதியும் இருக்கிறது. மது, புகையிலை, போதைப்பொருள் எதுவும் திரையில் வரக்கூடாது. கிழவனாக நடித்த பெரியப்பா வாயில் வெற்றிலை இல்லாமல் பேசியதே கிடையாது. புகையிலைத் துண்டைக் கிள்ளி உள்ளே தள்ளுகிற அந்தக் கை இருக்கிறதே, அதுதான் பாத்திரமே என்று நினைத்திருந்தேன். "என்னா தம்பி, வானத்துக்குப் போனாலும் போயிலை போட விடமாட்டானுகளா?" என்றார். கடைசியில் வெறும் பாக்கை வெட்டிக்கொண்டே பேச வைத்தோம். பாக்குவெட்டியின் டக் டக் சத்தம் எழுத்தர் கேட்கிற கேள்விகளுக்கு நடுவில் நன்றாகவே பொருந்திவிட்டது.

நடிகர்களில் பாதிப் பேர் காமன் கூத்து (தோட்டங்களில் ஆடும் நாட்டுக்கூத்து) ஆடுகிறவர்கள். மைக் இல்லாத ராத்திரியில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகிய குரல், படம் பிடிக்கிற போனுக்கு முன்னால் நின்றால் காது கிழியும். குறைத்துப் பேசுங்கள் என்றால் வேகமும் சேர்ந்து செத்துவிடுகிறது. பக்கத்து லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடு) குழந்தை தூங்குகிறது என்று நினைத்துப் பேசச் சொன்ன பிறகுதான் சரியாக வந்தது.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், மற்ற நாட்களில் காலையிலேயே எல்லோரும் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) போய்விடுவார்கள். மூடிக் கிடக்கும் பழைய ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், எடுக்கத் தோட்டத்துத் துரையிடம் (மேலாளர்) கடிதம் கொடுத்து அனுமதி வாங்கினோம். ஆள் ஒளியாகி மறைகிற காட்சியை முதலில் மலையில்தான் வைத்திருந்தோம். அந்த எஃபெக்ட்டுக்குக் கெமராவை ஆடாமல் நிறுத்தி, ஆள் இருக்கும்போது ஒன்று, அதே இடம் வெறுமையாக ஒன்று என இரண்டு ஷாட் வேண்டும். நம் ஊரில் மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் இரண்டு ஷாட்டும் இரண்டு ஊர் மாதிரி தெரியும், காற்றில் செடி வேறு அசையும், ஒட்டவே ஒட்டாது. அதனால் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு மாற்றினோம். ஜன்னலைச் சாக்கால் மறைத்து, போனில் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாமல் பூட்டிவிட்டு எடுத்தால் கச்சிதமாக வருகிறது. ஆனால் மழை பிடித்தால் தகரக் கூரைக்கு அடியில் ஒரு வசனம் கேட்காது. அந்தக் காட்சிகளுக்கெல்லாம் பிறகு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு டப்பிங் பேசினோம்.

விண்கப்பலை பிளெண்டரில் செய்தோம், முப்பரிமாணப் படம் செய்கிற இலவச மென்பொருள்தான். மழைக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில் ரெண்டர் (கணினி படத்தை உருவாக்கித் தருகிற வேலை) போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: வீடியோவாக ரெண்டர் செய்யாதீர்கள், ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் படமாகச் சேமியுங்கள். பாதியில் லெப்டொப் அணைந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீடியோவாகப் போட்டால் பெரும்பாலும் முழுக்கோப்பும் போச்சு.

இசைக்குத் தப்பு (பறை) மட்டும். ஸ்டார் ட்ரெக் தீம் இசையையோ சினிமாப் பாட்டையோ தொட்டால் யூடியூபின் தானியங்கி முறை பிடித்துவிடும், அடுத்தவர் படைப்புக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று விதியும் சொல்கிறது. கூத்துக்கு அடிக்கிற அண்ணன்மார் ஸ்டோருக்குள் நின்று அடித்ததை அப்படியே பதிவு செய்தோம், அந்த எதிரொலி எந்த எஃபெக்ட்டிலும் கிடைக்காது.

யூடியூபில் ஏற்றும்போது விளம்பரத்தை அணைத்துவிடுங்கள். படத்தின் பெயரில் ஸ்டார் ட்ரெக் வரக்கூடாது, ஆனால் ஸ்டார் ட்ரெக் ரசிகர் தயாரிப்பு என்ற துணைத்தலைப்பு கட்டாயம். உரிமை சிபிஎஸ்ஸுடையது, அவர்களுக்கும் இந்தப் படத்துக்கும் தொடர்பில்லை என்ற அறிவிப்பு திரையில் வர வேண்டும், அதை விதியில் உள்ளபடியே ஆங்கிலத்திலும் கீழே தமிழிலும் போட்டோம். தோட்டத்து மண்டபத்தில் காட்டியபோது டிக்கெட் இல்லை. வாசலில் உண்டியலாவது வைக்கலாமே என்றார்கள், அதையும் வைக்கவில்லை.

இரண்டு பகுதியும் வந்தாச்சு. மூன்றாவது எப்போது என்று கேட்கிறீர்கள், வராது, விதி விடாது. அந்த எழுத்தரையும் பதிவேட்டையும் மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் கூட்டமைப்பையும் கப்பலையும் கழற்றி வைத்துவிட்டுச் சொந்த உலகமாக எழுத வேண்டியதுதான். அதைத் தொடங்கியிருக்கிறோம். மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் திரைக்கதை எழுதக்கூடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சம்பளம் இப்போதும் இல்லை.