எவ்வளவு பருமன் போதும்? வார்மின்ட் துப்பாக்கிக்கு ஒரு குழல்

என்னுடைய, .223 ரெமிங்டன் என்ற சிறு தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்குப் புதுக் குழல் போடுவது என்று சென்ற குளிர்காலத்தில் முடிவு செய்தேன். குண்டைச் சுழலவைக்கும் உட்புறப் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்றாக ஓட வேண்டும், எந்த வகை எஃகு என்பவையெல்லாம் ஒரே மாலையில் தீர்ந்துவிட்டன. குழலின் வெளிப்புறம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், அந்தப் பருமன், தோட்டா அமரும் சேம்பரிலிருந்து குழல்வாய் வரை எப்படிக் குறைந்துகொண்டு போக வேண்டும் என்ற ஒன்றுதான் இரண்டு மாதம் என்னை அலைக்கழித்தது. துப்பாக்கி செய்கிறவர்கள் இதைக் காண்டூர் என்பார்கள். குழலின் துளையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்த வெளிவடிவத்தை ‘கனமானது நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பாதிதான் உண்மை என்பதை நான் கொஞ்சம் செலவழித்துத் தெரிந்துகொண்டேன்.

வார்மின்ட் என்பது அமெரிக்காவில் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் கால்நடைக்கும் கேடு விளைவிக்கும் விலங்குகளுக்கான பொதுப்பெயர். கிழக்கு மாநிலங்களில் வயலோரம் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக், மேற்குப் புல்வெளிகளில் பிரெய்ரி டாக், ஏறக்குறைய எங்கும் திரியும், ஓநாயைப் போன்ற கொயோட் ஆகியவை இவற்றில் முதன்மையானவை. நான் சுடுவது மேற்குத் தென் டகோட்டாவில், மாடு வளர்க்கும் ஒரு குடும்பத்தின் நிலத்தில், அவர்களுடைய அனுமதியுடன். பிரெய்ரி டாக் என்பது பெயரளவில்தான் நாய். உண்மையில் அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள விலங்கு. வளையின் வாயில் அது நிமிர்ந்து நிற்கும்போது 250 கஜத்தில் நமக்குக் கிடைக்கும் இலக்கு ஒரு சாண் அகலம்கூட இராது. ஓரிடத்தில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால் ஒரு காலையிலேயே நூறு தோட்டாக்கள் செலவாகும். (அதே மாநிலத்தின் கொனாட்டா பேசினில், பிரெய்ரி டாக்கையே இரையாக நம்பி வாழும் கருங்கால் ஃபெரட் என்ற சிறு ஊனுண்ணிகளைக் காப்பதற்காக, பிரெய்ரி டாக்கைச் சுடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. எங்கே சுடக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது குழலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.)

பழைய குழல் மான் வேட்டைக்கான மெல்லிய ஸ்போர்ட்டர் வடிவம்; குழல்வாயில் ஏறக்குறைய 0.6 அங்குல விட்டம். குளிர்ந்த நிலையில் 100 கஜத்தில் அதன் முதல் மூன்று குண்டுகள் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும். நான்காவதிலிருந்து அவை மேல்நோக்கியும் வலப்புறமாகவும் நகரத் தொடங்கும். பன்னிரண்டாவது குண்டு முதல் குண்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் துளைத்திருக்கும். 100 கஜத்தில் இரண்டு விரற்கடை என்றால் 300 கஜத்தில் ஆறு. அங்கே அது முழுத் தவறு, அல்லது அதைவிட மோசமாக, காயம்பட்ட விலங்கு வளைக்குள் இறங்கிவிடுவது. அந்த ஒன்றை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குற்றம் குழல் மேல்தான் என்று நான் நம்பியிருந்தபோது, எனக்குப் பழக்கமான துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் அதைத் தாங்கும் கட்டைக்கும் இடையில் விட்டு இழுத்துக் காட்டினார். கையில் பிடித்திருந்தபோது தாள் சேம்பர் வரை வழுக்கிக்கொண்டு போயிற்று. துப்பாக்கியை பைபாட் என்ற இருகால் தாங்கியின் மேல் நிறுத்தித் தோளால் சற்று முன்னே அழுத்தியதும், கட்டையின் முன்முனையிலேயே தாள் சிக்கிக்கொண்டது. மெல்லிய பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியை அகலமாக்கியவுடன் நகர்வில் பாதி மறைந்தது. ஆகவே புதுக் குழலுக்குப் பணம் கொடுக்க முன்வருகிறவர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

மீதிப் பாதிதான் குழலின் பருமனைச் சேர்ந்தது. ஒரு கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். நீளத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். 0.6 அங்குலக் கம்பிக்குப் பதிலாக அதே நீளத்தில் 0.82 அங்குலக் கம்பி வைத்தால் விறைப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்காகிவிடும். இதைப் பலரும் சொல்கிறார்கள். நீளத்தைப் பற்றிய மறுபகுதியைத்தான் யாரும் நினைப்பதில்லை. 26 அங்குலக் குழலை 24 ஆக வெட்டினால், பருமனை மயிரளவும் கூட்டாமலேயே விறைப்பு கால் பங்குக்குமேல் ஏறுகிறது. 22 ஆக வெட்டினால் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை, .223 போன்ற தோட்டாவில், அங்குலத்துக்கு நொடிக்குச் சுமார் 25 அடி வேகம். அதிக வெடிமருந்து பிடிக்கும் .22-250 ரெமிங்டன் அல்லது .220 ஸ்விஃப்ட் என்றால் இழப்பு இன்னும் கூடும். அவற்றுக்கு நான் 26 அங்குலத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். .223க்கு 24 தாராளம்.

ஆனால் விறைப்பைவிட வெப்பமே பெரிய விஷயம் என்பது என் கருத்து. ஒவ்வொரு தோட்டாவும் குழலுக்குள் ஓரளவு வெப்பத்தை விட்டுச் செல்கிறது. இரண்டு கிலோ எஃகு அதை வாங்கிக்கொள்வதற்கும் ஒன்றேகால் கிலோ எஃகு வாங்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தாவது தோட்டாவில் உள்ளங்கையிலேயே உணரலாம். இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் களைய வேண்டியிருக்கிறது. கனமான குழல் தேய்மானத்திலிருந்து தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சேம்பருக்கு முன்னால் புரி தொடங்கும் தொண்டைப் பகுதியை அரிப்பது, மருந்து எரியும் அந்த நொடித்துளியில் உள்பரப்பில் படும் கொதிவாயு. வெளியே எத்தனை எஃகு இருக்கிறது என்பது அந்த நொடித்துளிக்குத் தெரியாது. கனமான குழல் சூடேறுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஒருமுறை சூடேறிவிட்டால் ஆறுவதற்கும் அது கூடுதல் நேரம் கேட்கும். அது வரைக்கும் குழலின் மேலிருந்து எழும் கானல் ஸ்கோப்பின் முன்னால் ஆடிக்கொண்டே இருக்கும். இலக்கு தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். இதற்காகக் குழலின் மேல் நீளவாக்கில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, நானும் கட்டிக்கொள்கிறேன். ஐந்து நொடி கையை வைத்திருக்க முடியாத அளவுக்குக் குழல் சுட்டால், அது எத்தனை பருமனாக இருந்தாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இனி எத்தனை கனம் என்ற கேள்வி. விலைப்பட்டியலைப் படிப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெவி வார்மின்ட் என்ற பெயர், மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியின் விதியிலிருந்து வந்தது. அந்த வகுப்பில் துப்பாக்கி, ஸ்கோப்புடன் சேர்த்து, 13.5 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். லைட் வார்மின்ட் என்றால் 10.5. குழலின் விட்டம் முதல் ஐந்து அங்குலம் வரை 1.25 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அங்கிருந்து நேர்ச்சரிவாக இறங்கி, 29ஆவது அங்குலத்தில் 0.9 ஆக வேண்டும். பட்டியலில் 0.9 என்று பார்த்துவிட்டு 24 அங்குலத்துக்கு வெட்டச் சொன்னால், கைக்கு வருவது 0.97 அங்குல வாயுடைய குழல். என் கணக்கில் அது மட்டுமே மூன்று கிலோ. குழல்வாயின் அளவு எந்த நீளத்துக்குச் சொல்லப்பட்டது என்று கேட்காமல் யாரும் ஆர்டர் கொடுக்கக் கூடாது. வாயில் 0.82 அங்குல அளவில் முடியும் ரெமிங்டன் வார்மின்ட் வடிவம் 24 அங்குலத்தில் இரண்டு கிலோவை ஒட்டி நிற்கிறது. நான் மேசையிலிருந்து சுட்டாலும், காலையில் காற்று திரும்பினால் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு முக்கால் மைல் நடந்து மறுபக்கம் போகிறவன். அந்த நடைக்கு ஒரு கிலோ பெரிய வேறுபாடு. வண்டியின் அருகிலேயே நாள் முழுவதும் அமர்ந்து சுடுகிறவருக்கு ஹெவி வார்மின்ட்டைத் தயங்காமல் சொல்வேன். பனியில் கொயோட்டைத் தேடி மைல்கணக்கில் நடந்து, நாளைக்கு இரண்டு முறை சுடுகிறவருக்கு ஸ்போர்ட்டர்தான் சரி, என்னுடைய.243 வின்செஸ்டரில் இன்றும் மெல்லிய குழல்தான் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை.

கனத்தைக் குறைக்க வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளம் வெட்டித் தருகிறோம் என்பார்கள். பள்ளம் வெட்டிய குழல் விறைப்பானது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: அதே எடையுள்ள மெல்லிய குழலைவிட அது விறைப்பானது, அதே விட்டமுள்ள பள்ளமில்லாத குழலைவிடத் தளர்வானது. எஃகை வெட்டி எடுத்தால் வலு கூடாது. புரி போட்ட பிறகு வெளிப்புறத்தைக் கடைவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பட்டன் என்ற கடினமான கருவியைத் துளைக்குள் செலுத்தி, அழுத்திப் புரி போட்ட குழலில் உள்ளழுத்தம் தங்கிவிடும். அதைச் சூடேற்றித் தளர்த்தாமல் வெளியே கடைந்தால், எஃகு எடுக்கப்பட்ட இடத்தில் துளை மிக நுண்ணிய அளவில் விரியும், குறிப்பாக மெலிந்த குழல்வாய்ப் பக்கம். துல்லியத்துக்கு மிகவும் வேண்டிய இடமே அதுதான். நான் பள்ளம் வேண்டாம் என்றேன். உள்ளழுத்தம் எப்போது நீக்கப்பட்டது என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

இறுதியில் 24 அங்குலம், ரெமிங்டன் வார்மின்ட் வடிவம், பள்ளம் இல்லை. பழைய கட்டையில் குழல் அமரும் குழிவு இந்தப் பருமனுக்குப் போதாது. முன்பகுதி வளையாத லேமினேட் மரக்கட்டை ஒன்றையும் வாங்க வேண்டியிருந்தது, அந்தச் செலவை நான் முதலில் கணக்கில் சேர்க்கவில்லை. ஜூன் மாதம் முதல் காலையில், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்றாக, பதினைந்து தோட்டாக்களை 100 கஜத் தாளில் சுட்டேன். பதினைந்தும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுமேல் அடங்கின. முதல் குண்டின் துளையும் கடைசிக் குண்டின் துளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. குழலில் கை வைத்துப் பார்த்தேன்; ஐந்து வரை எண்ணி, அதற்குமேலும் எடுக்காமல் இருக்க முடிந்தது. பைபாட் மேல் அழுத்தியபடியே தாளை விட்டு இழுத்தபோது, அது சேம்பர் வரை தடையின்றிப் போயிற்று.