லஞ்ச் டைம்ல ஓடுன மெஷின்: ஓடி (ஓவர்டைம்) கணக்க சரி பண்ண அனுபவம்

2019ல நடந்தது இது. அப்போ நான் ஒரு சின்ன மெஷின் ஷாப்ல டைம் ஆபீஸ் பாத்துட்டு இருந்தேன், பஞ்ச் (ஆளுங்க உள்ள வர்ற, வெளிய போற நேரப் பதிவு) எடுக்கறது, மஸ்டர் ரோல்னு சொல்ற வருகைப் பதிவேடு, லீவு, ஓடி, சம்பள ஷீட் எல்லாம் என் டேபிள்தான். கம்பெனி பேர் வேணாம்.

அப்போ இருந்த ஃபேக்டரீஸ் ஆக்ட் (தொழிற்சாலை சட்டம்) சுருக்கத்த தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் கேட் பக்கத்துல ஒட்டி வைக்கணும்னு ரூல் இருந்துச்சு, பழசு கிழிஞ்சு போச்சுன்னு புதுசு ஒட்டிட்டு இருந்தேன். ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்) ஆப்பரேட்டர் அண்ணன் பின்னாடி நின்னு படிச்சுட்டு, "தம்பி, ஓடிக்கு ரெண்டு மடங்குன்னு இதுல போட்டிருக்கே, நமக்கு அப்படியா வருது?"ன்னு கேட்டாரு. நான் போன மாசம் போட்ட ஷீட்டே ஞாபகம் வந்துச்சு, அவருக்கு என்னால பதில் சொல்ல முடியல.

சாயங்காலம் உக்காந்து அவரோட சம்பளத்தயே எடுத்து பாத்தேன். பேசிக் (அடிப்படை சம்பளம்), டிஏ (பஞ்சப்படி), மத்த அலவன்ஸ் எல்லாம் சேத்து மாசம் 15,600 ரூபா, அத 26 வேல நாளால வகுத்தா 600, எட்டு மணி நேரத்துக்கு பிரிச்சா மணிக்கு 75. சட்டத்தோட 59வது பிரிவு இந்த முழு ரேட்டுக்குத்தான் ரெண்டு மடங்கு கேட்டுச்சு, போனஸும் ஓடியும் மட்டும்தான் அதுல சேராம இருந்துச்சு, அப்படின்னா மணிக்கு 150 வரணும். நாங்க குடுத்தது வெறும் பேசிக் 9,360ல கணக்கு போட்டு, அதுவும் சிங்கிள் ரேட், மணிக்கு 45. இத்தன நாளா சாஃப்ட்வேர்ல இருந்த ஃபார்முலாவ ஒருத்தரும் தொறந்தே பாக்கல.

ரேட்டு தப்பு கண்டுபிடிக்க சுலபம், பேப்பர்லயே இருக்கு. எனக்கு ரொம்ப உறுத்துனது லஞ்ச். ஷிஃப்ட் காலைல 8 மணில இருந்து 4.30, நடுவுல அரை மணி நேரத்த சாஃப்ட்வேர் தானாவே கழிச்சுடும், எல்லாரும் சாப்பிட்டாங்கன்னு கணக்கு. ஒரு வாரம் மத்தியானம் நோட்டு எடுத்துட்டு ஷாப் ஃப்ளோர்ல போய் நின்னேன். சிஎன்சி லைன்ல சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸ் முடிய ஆகுற நேரம், ஆறு நிமிஷம், ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஜாப் (மெஷின்ல மாட்டுற பீஸ்) மாத்தணும். அந்த அண்ணன் டிபன் பாக்ஸ டூல் டிராலி மேல வச்சு நின்னுட்டே சாப்பிடுறாரு, நாலு வாய் போகும்போது சைக்கிள் முடிஞ்சு லைட்டு எரியுது, கைய வேஸ்ட் துணில தொடச்சுட்டு கதவ தொறந்து, கூலன்ட் (சூடு தணிக்க ஊத்துற திரவம்) சொட்டுற ஜாப்ப எடுத்து, அடுத்தத மாட்டி, ஸ்டார்ட் அமுக்கிட்டு, மறுபடி சோப்பு போட்டு கை கழுவிட்டு வராரு. அரை மணி நேரத்துல இப்படி அஞ்சு தடவ எழுதி வச்சேன். இத எப்படி பிரேக்னு சொல்றது? அஞ்சு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து வேல வாங்கக்கூடாது, அதுக்குள்ள கொறஞ்சது அரை மணி ஓய்வு குடுக்கணும்னு அதே சட்டத்தோட 55வது பிரிவு தெளிவா சொல்லுச்சு.

அந்த அரை மணியும் வேலதான்னு வச்சா நாளுக்கு 8½ மணி நேரம் ஆகுது. ஒம்பது தாண்டலயே, அப்போ ஓடி இல்லயேன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. ஆனா அந்த சட்டத்துல நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48, இதுல எத தாண்டினாலும் ஓடின்னுதான் இருந்துச்சு. ஆறு நாளுக்கு 51 வருது, வாரம் மூணு மணி நேரம். லீவு, திருவிழா வாரமெல்லாம் கழிச்சு வருஷத்துக்கு 48 வாரம்னு பாத்தா ஒரு ஆளுக்கு 21,600 ரூபா, அந்த லைன்ல நாலு பேரு. இதுக்கு மேல, மொத்த கம்பெனிக்கும் ஏற்கனவே கொறச்சு குடுத்த ஓடியோட ரேட்டு வித்தியாசம் வேற இருக்கு.

கணக்கு போடும்போது இன்னொன்னு கவனிங்க, சாஃப்ட்வேர் மாசத்துக்கு மொத்த மணி நேரம் கூட்டி பாக்குது, ஒரு வாரம் லீவு போட்டா இன்னொரு வாரம் அதிகமா செஞ்ச நேரம் அதுல காணாம போயிடுது. நான் பஞ்ச் டேட்டாவ வாரம் வாரமா வெட்டி எக்செல்ல போட்டேன், மாசக் கடைசில ரெண்டு மாசத்துக்கு நடுவுல மாட்டுற வாரத்த தனியா பாக்க வேண்டியிருந்துச்சு, இதுக்கே மூணு வாரம் ஓடிருச்சு.

முதலாளி மொதல்ல "எல்லா இடத்துலயும் இப்படித்தானப்பா"ன்னு தான் சொன்னாரு. நான் சண்ட போடல, ஷீட்ட வச்சுட்டு, பேமென்ட் ஆஃப் வேஜஸ் ஆக்ட் (சம்பளம் குடுக்கறது பத்தின சட்டம்) 15வது பிரிவுல ஒருத்தர் மனு போட்டா பிடிச்ச தொகையோட பத்து மடங்கு வரைக்கும் இழப்பீடு போடலாம், மனு போட 12 மாசம் டைம் இருக்கு சார்னு சொன்னேன். கம்பெனிக்கு லேபர் சட்ட ஆலோசனை சொல்ற கன்சல்டன்ட்டும் அதையே சொன்னாரு. அப்புறம்தான் பன்னெண்டு மாச பாக்கிய மூணு தவணையா சம்பளத்தோட குடுக்க ஒத்துக்கிட்டாரு. அப்போ ஓடிக்கு பிஎஃப் பிடித்தம் கிடையாது, ஆனா இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) பிடித்தம் இருந்துச்சு, நான் மொத தவணைல அத விட்டுட்டு அப்புறம் சேத்தேன். ஸ்லிப்ல "ஓடி அரியர்ஸ்" (ஓடி பாக்கி)னு தனி வரியா போடணும்னு நின்னு வாங்குனேன், வேற பேர்ல போட்டா எதுக்கு வந்த பணம்னு அவங்களுக்கு எப்படி தெரியும்.

லஞ்சுக்கு நாலு மெஷினுக்கும் சேத்து ஒரு ரிலீவர் (மாத்து ஆள்) போட்டோம், 11 மணில இருந்து 1 மணிக்குள்ள ஒவ்வொருத்தரா போவாங்க. தானா கழிக்கிறத நிறுத்திட்டு, பிரேக்குக்கு வெளிய போகும்போதும் வரும்போதும் பஞ்ச்னு மாத்தினோம்.

2025 நவம்பர் 21ல இருந்து பழைய சட்டங்களுக்கு பதிலா புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) வந்துருச்சு, ஓடிக்கு ரெண்டு மடங்கு அதுலயும் அப்படியே இருக்கு, மனு போடற டைம் மூணு வருஷமா கூடிருக்கு. நான் இப்பவும் அதே டேபிள்தான், ஆர்டர் அதிகமானா ரிலீவர எடுத்து வேற மெஷின்ல போட்டுடறாங்க, போன வாரம் கூட அப்படித்தான் ஆச்சு, மூணு பேருக்கு லஞ்ச் பஞ்ச்சே இல்ல, மூணு பேருக்கும் அரை மணி நேரத்த வேல நேரமா எழுதி சூப்பர்வைசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்.