வெள்ளி நாணயத்தில் இருப்பது டோனிங்கா, உறை செய்த கேடா?

நாளடைவில் வெள்ளியின் மேல் ஏறும் நிறப் படலத்தை டோனிங் என்பார்கள். அந்த நிறத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன், நிறத்துக்குக் கீழே உலோகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு விளக்கு போதும். மற்றவற்றை அணைத்துவிட்டு, நாணயத்தை விளிம்பில் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத நாணயமென்றால், அச்சடிக்கும்போது உலோகம் வெளிப்பக்கம் ஓடியதால் உண்டான நுண்வரிகளில் ஒளி பட்டு, சக்கரத்தின் ஆரம் போலச் சுற்றிவரும். நிறமேறிய இடத்திலும் அது தடைபடாமல் ஓடினால் நல்ல அறிகுறி. அங்கே மட்டும் செத்துப்போனால், மேற்பரப்பு அரித்திருக்கிறது, அல்லது வேறு ஏதோ படிந்திருக்கிறது.

காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு படலம் உண்டாகிறது. நமக்குத் தெரியும் வண்ணங்கள் அந்தப் படலத்தின் தடிமனால் வருபவை. எனவே அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு: இளமஞ்சள், செம்பழுப்பு, ஊதா, அடர்நீலம், வெளிர்நீலம், இன்னும் தடித்தால் திரும்ப மஞ்சள், மெஜந்தா, பச்சை, கடைசியில் கறுப்பு. மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போகும் வழியில் மெல்லிய ஊதாப் பட்டையாவது இருந்தே ஆகவேண்டும். அது இல்லாமல் நீலம் சட்டென்று தொடங்கினால் சந்தேகப்படுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) நாணயத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். இயற்கையாக ஏறிய நிறம் பெரும்பாலும் மேடு பள்ளத்தை மதிக்கும். எழுத்தை ஒட்டி வெளிறிய கோடு தெரியும். இரசாயன மருந்து தடவியோ சூடாக்கியோ செயற்கையாக ஏற்றிய நிறம், எழுத்தே இல்லாததுபோல மேலே வழிந்து போயிருக்கும். கீறல்களும் சாட்சி சொல்லும். கீறலுக்குள்ளும் அதே நிறம் என்றால் கீறல் முந்தியது, பளிச்சென்றிருந்தால் பிந்தியது. நிறத்தின் அடியில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் கூட்டமாக ஓடினால், யாரோ துடைத்த நாணயம் பிறகு நிறமேறியிருக்கிறது.

பழைய அட்டை ஆல்பத்தில் இருந்தவற்றில் நிறம் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையமாக வரும். துணிப்பைகளில் கிடந்த மார்கன் டாலர்களில் (பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள்) நெசவுத் தடமும், பக்கத்து நாணயம் மறைத்த இடத்தில் பிறைவடிவும் காணலாம். இவையும் சேமிப்பால் வந்தவைதான், ஆனால் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குபவை. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் போட்ட கறுப்புப் பட்டையும் அதே வேதியியல்தான். அதை யாரும் விரும்புவதில்லை.

உண்மையான எதிரி, பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் செய்த மிருதுவான உறை. அதைக் குழைவாக்கச் சேர்த்த பொருள் கசிந்து நாணயத்தில் ஒட்டும். பிவிசி சிதையும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு, நாணயத்தில் வெள்ளியோடு கலந்துள்ள செம்பைத் தாக்கும். முதலில் பால்போன்ற மங்கல், பிறகு பச்சைப் பிசுபிசுப்பு, கடைசியில் குழிகள். முதல் இரண்டு கட்டத்திலும் காப்பாற்றலாம்.

அந்தப் பிசுபிசுப்பைக் கரைக்க, கலப்பில்லாத அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கலாம். ஜன்னலைத் திறந்து, அருகில் நெருப்பில்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு புதிய அசிட்டோனில் இன்னொரு முறை அலசுங்கள். முதல் கிண்ணத்தில் கரைந்த அழுக்கு காயும்போது மறுபடி படியாமலிருக்க இது அவசியம். தேய்க்காமல், தானாக உலர விடுங்கள். அசிட்டோன் சல்பைடு படலத்தைத் தொடாது. ஆகவே அதில் கரைந்துபோனது டோனிங் அல்ல. கரையாததெல்லாம் இயற்கை என்றும் எண்ணிவிடாதீர்கள். மருந்தால் ஏற்றிய சல்பைடும் அப்படியே நிற்கும்.

தூய வெள்ளியில் அடித்த நவீன நாணயங்களில் வரும் வெண்புள்ளிகள் அசிட்டோனுக்கும் அசையாது. கைரேகையை அன்றே கழுவினால் போகும்; நாளானால் உலோகத்தில் பதிந்துவிடும்.

கறுத்துப்போனதை வெள்ளி டிப் திரவத்தில் (கறுப்பைக் கரைக்கும் இரசாயனத் திரவம்) முக்கிப் பளபளப்பாக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படலத்தில் இருக்கும் வெள்ளி நாணயத்திலிருந்தே போனது. படலம் கரையும்போது அந்த வெள்ளியும் போய்விடும், கூடவே ஒளியைச் சுழற்றிய நுண்வரிகளும். தடித்த கறுப்பின் அடியில் மிஞ்சுவது உயிரற்ற சாம்பல்தான். அப்படிப்பட்டதை அப்படியே விட்டு, மைலார் (பாலியெஸ்டர்) உறையிலோ கெட்டியான பிளாஸ்டிக் நாணயக் கேப்சூலிலோ போட்டு, சிலிக்கா ஜெல் பையுடன் வைப்பது மேல். ஈரம் பட்ட ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள்.